பச்சை நூல்

"மெடலைத் தொலைச்சுப்போட்டீங்களா?"

கோவையில் விழா அரங்கின் வாசலில் உட்கார்ந்திருந்த அதிகாரி, ராமாமணியை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆமாங்க."

பக்கத்தில் நின்ற மகள் இளவேனிலுக்கு மானம் போனது.

முப்பது வருஷத்துக்கு முன் வெளிநாட்டில் கோப்பை ஜெயித்த இந்தியப் பெண்கள் கபடி அணி. அரசாங்கத்துக்கு இப்போதுதான் அந்த ஞாபகம் வந்து, பாராட்டு விழா. வந்த ஞாபகமும் முழுசாக வரவில்லை. பெயர்ப் பட்டியல் இருந்த ஃபைலைக் கரையான் தின்றுவிட்டதாம். மெடலைக் காட்டினால்தான் மேடை, பொன்னாடை எல்லாம்.

"எங்கம்மா போட்ட ஜெர்சி இருக்குங்க" என்று இளவேனில் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். தோளில் கிழிந்து, பச்சை நூலில் தைத்த நீல ஜெர்சி.

"ஜெர்சி கடைலயும் கிடைக்கும்மா. மெடல்தான் ரூல்ஸ்."

"இவதானுங்க எங்க கேப்டன். நான் சொல்றேனுங்க" என்று குறுக்கே வந்தாள் காளியாத்தாள். உடுமலைப்பேட்டைக்காரி. அணியில் கடைசியாகச் சேர்ந்தவள். அவள் கழுத்தில் மெடல் தொங்கியது.

"வாய்ச் சாட்சி செல்லாதுங்க."

காளியாத்தாளின் கோபம் ராமாமணி மேல் திரும்பியது. "நாட்டுக்காக ஜெயிச்சதைத் தொலைப்பாங்களா புள்ள? அன்னைக்கு ஒரு மெடல் குறைஞ்சுதுன்னு எனக்கு மட்டும் குடுக்கலை. பொறகு தபால்ல வந்துச்சு. சாமி படத்துக்குப் பக்கத்துல வெச்சுக் காப்பாத்தறேன்."

"உனக்குப் பொறுப்பு சாஸ்தி" என்று சிரித்தாள் ராமாமணி.

"அனுப்புனவங்க பேருகூட எழுதலை. நாடா வேற அறுந்து, யாரோ தெச்சு உட்டிருந்தாங்க. கவர்மென்ட் காரியம் அப்படித்தான்."

ராமாமணி ஜெர்சியை மடித்து மகளிடம் கொடுத்தாள்.

"ஃபைனல் ஞாபகம் இருக்கா புள்ள?" என்றாள் காளியாத்தாள். "மூணு பேரு உன்ற காலைப் புடிச்சுட்டாங்க. மூச்சு உடாம ஊர்ந்து வந்து கோட்டைத் தொட்டே."

"நீ வெளிய உக்காந்து தொண்டை வத்த என்ற பேரைக் கத்துனியே. அதுலதான் தொட்டேன்."

காளியாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்வரிசைக்குப் போனாள். போகும்போது மெடல் நாடா புரண்டது. அதில் பச்சை நூல் தையல்.

கடைசி வரிசையில் உட்கார்ந்ததும் இளவேனில் மடியில் இருந்த ஜெர்சியைப் பார்த்தாள். அதே நூல். அதே நெருக்கமான தையல்.

"அம்மா, அது உங்க மெடல்தானே?"

ராமாமணி மேடையைப் பார்த்தபடியே சொன்னாள். "ஈரோடு வர்ற வரைக்கும் அவ ரயில்ல அழுதுட்டே வந்தா கண்ணு. ஊட்டுக்கு வந்ததும் நான்தான் தபால்ல போட்டேன்."

"நான் போய் இப்பவே சொல்லிப்போடறேன்."

எழுந்த மகளின் கையைப் பிடித்து உட்கார வைத்தாள் ராமாமணி.

"பேசாம இரு. அவ பேரைக் கூப்பிடப் போறாங்க."

மேடையில் பெயரைப் படித்தார்கள். முன்னால் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி, "காளியாத்தா" என்று தொண்டை வற்றக் கத்தினாள் கேப்டன்.