சாராள் வீட்டுத் தண்ணீர்

"தண்ணியில ஒண்ணும் இல்லன்னு நீங்கதான தம்பி சொன்னீங்க? அப்பறம் எப்பிடி?"

சாராள் சத்தம் போட்டுக் கேட்கவில்லை. போட்டிருந்தால்கூட ஸ்டீவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். உள்ளே அவள் மகள் சோனியா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். எட்டு மாதம் சுமந்த பிள்ளை மூச்சில்லாமல் பிறந்தது. போன வாரம்தான் கல்லறைத் தோட்டத்தில் ஓர் ஓரமாகப் புதைத்துவிட்டு வந்தார்கள். பாவம், அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டைத் தாண்டி இருக்கும் ஊர் அது. பாறைக்குள் இருக்கும் எரிவாயுவை எடுக்க முடியுமா என்று பார்க்க, ஊருக்குப் பக்கத்தில் பாதாளம் வரைக்கும் துளை போட்டிருந்தார்கள். அதில் இறக்குகிற ரசாயனம் ஊர்த் தண்ணீரில் கலக்கிறதா என்று கண்காணிப்பது ஸ்டீவனின் வேலை. மாதாமாதம் வீடு வீடாகத் தண்ணீர் வாங்கிக்கொண்டு போய்ப் பரிசோதனைக்கூடத்தில் கொடுப்பான். துளைக்கு ரொம்பப் பக்கம் சாராள் வீடுதான். அந்த வீட்டுத் தண்ணீரே சுத்தம் என்றால் மற்றவர்களுக்கு என்ன பயம் என்று மேலிடத்தில் எழுதி முடித்துவிட்டார்கள்.

ஊர் வாயை மூட முடியுமா? கம்பெனிக்காரனிடம் கை நீட்டிவிட்டான் என்று ஸ்டீவன் காதுபடவே பேசினார்கள். சாராளின் புருஷன் ஜெயராஜ் அவனைப் பார்த்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அதுதான் அவனுக்கு நெஞ்சைச் சுட்டது.

"சத்தியமா சொல்றேன்மா, நான் எதையும் மாத்தல. நீங்க குடுத்த பாட்டில அப்பிடியே சீல் வெச்சி எத்துக்கினு போனேன். சுத்தம்னுதான் வந்துச்சி."

"உங்கள நான் சந்தேகப்படல தம்பி. இன்னா தண்ணி குடிக்கிறீங்கன்னு டாக்டரம்மா கேட்டாங்க. மாசாமாசம் டெஸ்ட் பண்ற தண்ணின்னு பெருமையா சொன்னேன்."

அதைச் சொல்லும்போதுதான் அவளுக்குக் குரல் உடைந்தது.

ஸ்டீவனால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை. பாட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்தான். இத்தனை மாதமாக வந்துபோகிறான், வீட்டின் பின்பக்கம் அவன் எட்டிப் பார்த்ததே இல்லை. அடிபம்பை ஒட்டித்தான் பெண்கள் குளிக்கிற ஓலைத் தட்டி. அந்நிய ஆம்பிளை அங்கே போய் நிற்பானா? வாசலில் உட்கார்ந்து பாட்டிலை நீட்டுவான். சாராள் நிரப்பிக்கொண்டு வருவாள், கூடவே ஒரு டீயும் வரும். எடுக்க வந்தவனே நேரில் நின்று பிடிக்க வேண்டும் என்பதுதான் சட்டம். நாலு பெண்கள் புழங்குகிற இடத்தில் சட்டம் பேசிக்கொண்டு நிற்பதா என்று விட்டிருந்தான்.

"இன்னிக்கு நானே புடிச்சிக்கிறேன்மா. சோனியாவுக்கு ஏன் இப்பிடி ஆச்சின்னு எனக்கும் தெரியணும்" என்று சொல்லிவிட்டு, அவள் பதிலுக்குக் காத்திராமல் பின்பக்கம் போனான்.

பம்பை அடித்தான். தண்ணீர் கலங்கி மஞ்சளாக வந்தது. மண்ணெண்ணெய் வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. இதையா சுத்தம் என்று சொன்னார்கள்? பாட்டிலைக் குழாய்க்கு நேரே நீட்டினான்.

பின்னாலேயே ஓடி வந்த சாராள் பாட்டிலைப் பிடுங்கினாள்.

"இதப் போயி புடிக்கிறீங்களே தம்பி. ஆபீசருங்க பாக்குற பாட்டில்ல இத ஊத்தி அனுப்புனா எங்க ஊட்டப் பத்தி இன்னா நினைப்பாங்க? புள்ளத்தாச்சிக்குன்னு கேன் தண்ணி வாங்குனோம். அதுலருந்துதான் எப்பவும் உங்களுக்கு ஊத்திக் குடுக்கிறது."

அப்படியானால் சோனியாவாவது நல்ல தண்ணீர் குடித்தாளே என்று அந்த நேரத்திலும் ஸ்டீவனின் மனசு ஒரு கொழுகொம்பைத் தேடியது. அதைத்தான் தட்டுத் தடுமாறிக் கேட்டான்.

"மொதல்ல கேன் தண்ணிதான் குடிச்சா தம்பி. ஊட்டுத் தண்ணியே சுத்தம்னு நீங்க வந்து சொன்னீங்கல்ல, வாடை அடிச்சாலும் கெடுதி இல்லன்னு அன்னியிலருந்து அவளுக்கும் இந்தப் பம்புத் தண்ணிதான். கேன் உங்க பாட்டிலுக்கு மட்டும்தான் வாங்குறோம்."