பூம் எழவில்லை

"பக்கெட் மடங்குது, வண்டி சுத்துது, முன்னே பின்னே ஓடுது. பூம் மட்டும் தூக்க மாட்டேங்குதுக்கா" என்றான் பொக்லைன் ஓட்டுநர் பராசா.

நைரோபிப் பட்டறையிலிருந்து வந்து இறங்கிய மெக்கானிக் அவுவோர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தாள். ஏறி உட்கார்ந்து லிவரை இழுத்துப் பார்த்தாள். எஞ்சின் உறுமியது. பக்கெட்டைத் தாங்கும் நீண்ட இரும்புக் கையான பூம், தரையில் ஊன்றிக் கிடந்தபடி அசையவில்லை.

ஃபோர்மேன் ன்சியோக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எதிரே ஆற்றோரமாகத் தகரக் குடிசைகள். அவற்றை இடித்துப் புதுச் சாலைக்கு வழி செய்வதுதான் இன்றைய வேலை. வெள்ளிக்கிழமை வரை நேரமிருக்கிறது என்று சனங்களிடம் சொல்லியிருந்தார்கள். வண்டியோ புதன்கிழமை விடியலிலேயே வந்து நின்றுவிட்டது. முதுகில் குழந்தையைக் கட்டிய பெண்கள் பானை சட்டிகளோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் கூரைத் தகரங்களை ஆணியோடு பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

"எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டார் ன்சியோக்கா.

என்ன கோளாறென்றே தெரியாமல் நேரம் எப்படிச் சொல்வது என்றாள் அவுவோர். பின்பக்கம் ஏறி மூடியைத் திறந்து, மெல்லிய ஹோஸ் ஒன்றைக் கழற்றினாள். கழற்றி முடிப்பதற்குள் ன்சியோக்கா அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"அங்க என்னத்த நோண்டுற? சிலிண்டர்ல ஆயில் சீல் போயிருக்கும். அதைப் பிரி."

"சீல் போயிருந்தா, தூக்கின பூம் தானா இறங்கும் சார். இது எந்திரிக்கவே இல்லையே. லிவர்லேருந்து வால்வுக்குப் போற இந்த ஹோஸ்ல எண்ணெய் வரலைன்னா..."

"இருபது வருஷமா இந்த வண்டிங்களோடதான் கிடக்குறேன். சொல்றதைச் செய்ம்மா."

அவுவோர் குடிசைகள் பக்கம் ஒருதரம் பார்த்தாள். கைகளைக் கந்தலில் துடைத்துக்கொண்டு, ஹோஸை மாட்டிவிட்டு இறங்கினாள். பெரிய ரெஞ்சை எடுத்துக்கொண்டு சிலிண்டர் பக்கம் போனாள். சிலிண்டரைப் பிரித்தால் பொழுது போய்விடுமே என்று பராசா முணுமுணுத்தான். அவனை வாயை மூடச் சொன்னார் ன்சியோக்கா.

வெயில் ஏறியது. அவர் ஓரிடத்தில் நிற்கவில்லை. வண்டிக்கும் குடிசைகளுக்கும் நடுவே போய்ப் போய் வந்தார். வேடிக்கை பார்த்து நின்றவர்களைப் பிடித்துத் திட்டினார். வண்டி சரியாகிவிட்டால் தன்னால் ஒரு நிமிஷம்கூட நிறுத்த முடியாது, இருக்கிறதை வாரிக்கொண்டு கிளம்புங்கள் என்று விரட்டினார். தையல் மெஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுத ஒருத்தியிடம், அழுகையை அக்கரையில் போய் வைத்துக்கொள் என்று சொல்லி, ஒரு கைவண்டிக்காரனை அவள் பக்கம் தள்ளிவிட்டார்.

"பிரசவ வார்டு வாசல்ல நிக்கிற புருஷன் மாதிரி நடக்குறீங்களேண்ணே" என்றான் பராசா. அவர் சிரிக்கவில்லை.

எஞ்சினியர் கிதின்ஜி திரும்பத் திரும்ப போன் செய்தார். பக்கத்து ஊரான ரூய்ருவில் வேறொரு பொக்லைன் சும்மா நிற்கிறது, அனுப்பட்டுமா என்றார். ன்சியோக்காவுக்கு வியர்த்துவிட்டது. வேண்டவே வேண்டாம், இதோ முடியப்போகிறது, அது வந்து சேர்வதற்குள் இங்கே பூம் எழுந்துவிடும் என்று அடித்துச் சொன்னார். போனை வைத்ததும் அவுவோரிடம் ஓடினார். அவள் சிலிண்டரைக் கழற்றிப் பலகைமேல் கிடத்தி, சீல் ஒவ்வொன்றாக எடுத்து டீசலில் கழுவி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுதா?"

"அவசரப்பட்டா அரைகுறையாப் போயிடும் சார்" என்றாள் அவள், தலை நிமிராமல். மதியம் உகாலிக் களி சாப்பிடும்போதும் அதே நிதானம். இப்படி ஒரு ஆமையை எந்தப் பட்டறையிலும் பார்த்ததில்லை என்றான் பராசா.

சாயங்காலம் எஞ்சினியரே காரில் வந்து இறங்கினார். முகம் கடுகடுவென்றிருந்தது. அப்போதுதான் கடைசிக் கைவண்டி பாலத்தைத் தாண்டிப் போயிற்று. ஆற்றோரத்தில் தகரமில்லை, கதவில்லை, மண்ணும் கம்பும் மட்டும் நின்றன. எல்லாவற்றையும் மாட்டி முடித்த அவுவோர், வண்டியின் பின்பக்கமும் ஒருதரம் ஏறி இறங்கிவிட்டு, பராசாவிடம் கையசைத்தாள். அவன் லிவரை இழுத்தான். பூம் வழுக்கிக்கொண்டு மேலே எழுந்தது.

ஒரு நாள் முழுக்க வீண், என்னதான் கோளாறு என்று எரிந்து விழுந்தார் எஞ்சினியர்.



"சிலிண்டர் சீல் சார். ஃபோர்மேன் சரியாத்தான் சொன்னாரு" என்றாள் அவுவோர்.

எஞ்சினியர் உறுமிவிட்டுக் காரில் ஏறினார். கார் மறைந்ததும் அவள் ன்சியோக்காவைத் தனியே கூப்பிட்டு உள்ளங்கையை விரித்தாள். எண்ணெய் வழிய ஒரு பேரிங் குண்டு.

"ஹோஸை அடைச்சுக்கிட்டு இருந்துச்சு. யாரோ வேணும்னே போட்டிருக்காங்க."

"எப்பக் கண்டுபிடிச்ச?"

"வந்த உடனே. முதல் ஹோஸைக் கழட்டினப்பவே." அவள் குரல் தாழ்ந்தது. "நீங்க சிலிண்டரைப் பிரிக்கச் சொன்னது எனக்கு வசதியாப் போச்சு. எடுக்காம திருப்பி மாட்டிட்டேன். பாவம், அந்தச் சனங்க சாமானையாவது எடுக்கட்டுமேன்னு பார்த்தேன். என்னைக் காட்டிக் கொடுத்துடாதீங்க சார்."

ன்சியோக்கா அந்தக் குண்டை வாங்கித் துடைத்து, விடியலில் பராசா டீ குடிக்கப் போன நேரத்தில் தன் சட்டையின் எந்தப் பையிலிருந்து அதை எடுத்தாரோ, அந்தப் பையிலேயே திரும்பப் போட்டுக்கொண்டார்.