ஒரு சொல் போதும்

பெரு நாட்டின் அயாகுச்சோ ஊரில் மாலை வகுப்பில் ஸ்பானிஷ் சொல்லித்தரும் எல்விராவுக்கு, உருளைக்கிழங்கு விற்கும் சத்துர்னினாவிடம் பொறுமை போய்க்கொண்டிருந்தது.

"இறந்தகாலம் சொல்லுங்கம்மா. நான் கொண்டுபோனேன், யேவே."

"யேவாஸ்தே."

"அது 'நீ கொண்டுபோனே'. முதல்ல 'நான்' சொல்லுங்க."

"எனக்கு இது ஒண்ணு போதும், டீச்சர்."

"சந்தைக்கு வர்றவங்களைப் பார்த்து 'நீ கொண்டுபோனே'ன்னா திருட்டுப் பட்டம் கட்டின மாதிரி ஆயிடும். வியாபாரம் படுத்துக்கும்!"

வகுப்பே சிரித்தது. சத்துர்னினாவும் சிரித்தாள்.

"திங்கக்கிழமை எனக்குத் துணையா வரீங்களா, டீச்சர்?"

போன இடம் நீதிமன்றம். மொழிபெயர்ப்பாளர் எழுந்ததும் சத்துர்னினா கையமர்த்தினாள்.

"நீங்க உட்காருங்கய்யா. போன தடவை நீங்க பேசினீங்க, அவன் உங்களைத்தான் பார்த்தான். என்னைப் பார்க்கவே இல்ல."

குற்றவாளிக் கூண்டில் நின்ற தலை நரைத்த முன்னாள் ராணுவ அதிகாரியிடம் திரும்பினாள். காணாமல்போன தன் மகனின் புகைப்படத்தை உயர்த்திப் பிடித்தாள்.

"யேவாஸ்தே."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

அதற்குமேல் அவளிடம் ஸ்பானிஷ் இல்லை. "எங்கே?" என்று தன் கெச்சுவா மொழியிலேயே கேட்டாள்.

யாரும் மொழிபெயர்க்கவில்லை. அவன் மறுபடியும் தலையைக் குனிந்துகொண்டான்.