எந்த லிடியா

"லிடியா" என்று நர்ஸ் அஃப்னா கதவைத் திறந்து கூப்பிட்டதும் மூன்று பெண்கள் எழுந்து நின்றார்கள்.

அவர்களில் ஒருத்தி லீதியாள். பாஸ்போர்ட்டில் அவளும் லிடியாதான்.

வளைகுடா நாட்டு ஊரான ரூவியின் அந்த ஆஸ்பத்திரியில் மூவரும் ஒரே காரியத்துக்குத்தான் காத்திருந்தார்கள். மார்பில் இருந்த கட்டியில் ஊசி குத்திச் சதை எடுத்துப்போனதன் ரிசல்ட்.

டாக்டர் எந்த லிடியாவைக் கூப்பிட்டார் என்று கேட்டுவர அஃப்னா உள்ளே போனாள்.

மூவரும் உட்கார்ந்தார்கள். சிரிக்கப் பார்த்தார்கள், வரவில்லை.

ஒருத்தி பல்கேரியாக்காரி, பள்ளியில் சரித்திரம் சொல்லிக்கொடுப்பவள். பயத்தில் அவளுக்குப் பேச்சு நிற்கவில்லை. லிடியா என்பது ஒரு பழைய தேசம், இன்றைய துருக்கியின் மேற்கில் இருந்தது என்றாள். கிரேக்கர்கள் அந்த ஊர்ப் பெண்ணை ஊர்ப் பெயராலேயே கூப்பிட்டார்களாம். தேசம் அழிந்துவிட்டது. ஆனால் தங்கள் மொழியில் இன்னமும் தேசத்துக்கும் பெண்ணுக்கும் ஒரே சொல்தான் என்றாள்.

கஜகஸ்தான்காரி தலையாட்டினாள். அவர்களுக்கும் அதே சொல்தானாம், ரஷ்யமொழி வழியாக வந்ததாம். சொல்லும்போதே அவள் உதடு காய்ந்து ஒட்டிக்கொண்டது.

எங்களுக்கு பைபிள் வழியாக வந்தது என்றாள் லீதியாள்.

யார் முதலில் பிடித்தார்களோ, மூவர் கைகளும் கோத்திருந்தன. நடுவில் லீதியாள். ஒரு பக்கக் கை சில்லிட்டிருந்தது, மற்றது வேர்த்திருந்தது.

நானாக இருக்கக் கூடாது ஆண்டவரே என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் ஜெபம் ஓடவில்லை.

கதவு திறந்தது. அஃப்னா காயல்பட்டினத்துப் பெண். நேராக லீதியாளிடம் வந்து குனிந்து, மற்ற இருவருக்கும் புரியாத தமிழில் மெல்லச் சொன்னாள்.

"அக்கா, உங்களுக்கு ஒண்ணுமில்ல, சாதாரணக் கட்டிதான். நீங்க வீட்டுக்குப் போகலாம். டாக்டர் கூப்பிட்டது வேற ஆள. அவங்களோட துணைக்கு யாராவது வந்திருக்காங்களான்னு கேக்கறார்."

இருவரும் லீதியாளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ன சொல்கிறாள் என்று கேட்டார்கள்.

"நான் இருக்கேன்னு சொல்லும்மா" என்றாள் லீதியாள்.

யாருக்கு என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.