நாளைய நம்பர்

அந்தச் சித்தூர் கல்லூரியில் கம்ப்யூட்டர் இல்லை. ஆனாலும் புள்ளியியல் ஆசிரியர் கிருபானந்தம் கம்ப்யூட்டர் எண் பொறுக்குவது போலவே ஒரு விதி வைத்து, தினமும் ஐம்பது பேரில் ஒருவரை வருகைப் பதிவு எண் சொல்லிப் போர்டுக்கு அழைத்தார். விதியை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

போர்டு முன் நின்றால் அம்சவேணிக்குக் குரலே வராது. வியாழக்கிழமை, மற்றவர்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, ஆசிரியர் மேசைக்குப் போனாள்.

"சார், நாளைக்கு லீவு வேணும். உடம்பு சரியில்ல."

"நாளைக்கு உடம்பு சரியில்லன்னு இன்னிக்கே தெரியுமாம்மா?"

தப்ப வழி தெரியாமல் அவள் கண் கலங்கினாள். "நாளைக்கு என் நம்பர் வரும் சார். பதினாலு."

கிருபானந்தம் டைரியைப் புரட்டினார். பதினாலுதான்.

"யார் சொன்னது?"

"நானே போட்டுப் பாத்துக்கினு இருந்தேன் சார். இன்னிய நம்பரை மூணால பெருக்கி ஒண்ணு கூட்டினா நாளைய நம்பர். அம்பதைத் தாண்டினா அம்பது அம்பதா கழிச்சுக்கினே வரணும்."

அவர் முகம் மலர்ந்தது. "நாளைக்கு லீவு எடுத்துக்கோ."

அம்சவேணிக்கு மூச்சு வந்தது.

"போறதுக்கு முன்னாடி, இப்ப சொன்னதை இவங்களுக்கும் சொல்லிடு" என்று சாக்பீஸை நீட்டினார்.

போர்டில் முதல் எண்ணை எழுதினாள்.

மணி அடித்தது அவள் காதில் விழவில்லை. கடைசி பெஞ்சுக்காரன் கேட்ட சந்தேகத்துக்குச் சத்தமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.