நூல்கண்டில் சுற்றிய ஈயம்

அந்த நூல்கண்டை நாத்தனார் முகத்திலேயே விட்டெறிந்துவிட வேண்டும் என்றுதான் அவள் பஸ்ஸை விட்டு இறங்கினாள். கண்டில் நூல் இல்லை. வெள்ளி மாதிரி மினுங்கும் ஈயக் கம்பி சுற்றியிருந்தது.

வாரமெல்லாம் மருந்துக்கடையில் நின்று மாத்திரை எடுத்துக் கொடுப்பவள், லீவு நாள் வந்தால் சாப்பாட்டு மேசையில் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்னைச் சூடாக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். செத்த ரேடியோ அவள் கை பட்டால் எழுந்து பேசும். அவள் போகும் ரேடியோ கிளப்பில் அவளுக்குப் பேரே ‘ரேடியோக்கா’.

போன வாரம் கிளப்பில் ரேடியோ செய்யும் போட்டி. காது கேட்கும் கருவி செய்கிற கம்பெனி ஒன்று, ஜெயிக்கிறவரை வேறு ஊருக்கு அழைத்துப்போய் ஒரு வருடம் பயிற்சி தந்து, பிறகு அங்கேயே வேலையும் தருவதாகச் சொல்லியிருந்தது. “போயிட்டு வா. வீட்டை நான் பாத்துக்கறேன்” என்று முதலில் சொன்னவரே கணவர்தான்.

செய்து முடித்த அன்று வீடு நிறையப் பாடிய ரேடியோ, போட்டி மேசையில் கரகரத்தது, விக்கியது, ஊமையாகிப் போனது. நடுவராக வந்திருந்த பெண்மணி மூடியைக் கழற்றிக் காட்டினார். ஈயத்தை உருக்கிப் பத்து வைத்த இடமெல்லாம் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது.

“கை நல்ல கைம்மா. ஈயம்தான் தப்பு. இது தகரத்துக்கும் தண்ணிக் குழாய்க்கும் வைக்கிறது, உள்ள ஆசிட் இருக்கு. வெச்ச அன்னைக்குப் பளபளன்னு நிக்கும், நாள் போகப் போக அரிச்சுடும். ரேடியோவுக்கு உள்ள பிசின் இருக்கிற கம்பிதான் வைக்கணும்.”

அது அவளுக்குத் தெரியாததா? பிசின் கம்பி என்று படித்துப் படித்துச் சொல்லித்தான் கணவரை வாங்கிவரச் சொல்லியிருந்தாள். பத்து வைக்கும்போது புகை வழக்கமான வாசனை இல்லாமல் மூக்கைச் சுட்டதும், புதுக் கம்பி போலிருக்கிறது என்று அவள் விட்டுவிட்டதும் அப்போதுதான் உறைத்தது.

வீட்டு வாசலில் காத்திருந்த கணவர் அவள் முகத்தைப் பார்த்ததுமே ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டார். “விடு. ஈயம் சரியில்லேன்னா உன் கை என்ன பண்ணும்?”

அந்த ஒரு வார்த்தையில் அவள் உடைந்துபோனாள். அழுது ஓய்ந்த பிறகு கேட்டாள். “இதை எங்கேங்க வாங்கினீங்க?”

“வேற எங்க? தங்கச்சி வேலை செய்யற கடையிலதான். அவ வெட்டிக் கொடுத்தா, உனக்குச் சிக்கு விழாம இருக்கட்டும்னு நான் கண்டுல சுத்திக் கொண்டுவந்தேன். எனக்கு ஈயம் எது, இரும்பு எதுன்னு என்ன தெரியும்?” அப்புறம் குரலைத் தாழ்த்தினார். “நீ முன்னுக்கு வர்றது அவளுக்குப் பொறுக்கல. நீ போய் எதையும் கேட்டு வைக்காதே. உறவு அறுந்துபோயிடும்.”

ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். டைபாய்டில் நாத்தனார் கிழிந்த நாராய்க் கிடந்தபோது கஞ்சி ஊற்றி எழுப்பி உட்காரவைத்தது யார்? குழாய்ச் சாமான் விற்பதே பிழைப்பாக இருப்பவளுக்கு எந்தக் கம்பி எதற்கென்று தெரியாமலா போகும்?  இன்றைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

வளைவுக் குழாய்களும் பித்தளைத் திருகுகளும் தொங்கும் கடைக்குள் அவள் நுழைந்ததும் நாத்தனார் முகம் மலர்ந்தது. “வாங்க அண்ணி. என்ன, போட்டி என்னாச்சு? அண்ணன் போனையே எடுக்கல.”

அவள் கண்டை மேசையில் டொக்கென்று வைத்தாள். “தெரியாத மாதிரி கேக்காதே. இதைக் கொடுத்து என் வாழ்க்கையில மண்ணைப் போட்டுட்டியே, நான் உனக்கு என்ன குறை வெச்சேன்?”

நாத்தனார் கம்பியைக் கையில் எடுத்தாள். நுனியை நகத்தால் கீறி, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். “இது ஆசிட் கம்பி. இதை நான் உங்களுக்குக் கொடுக்கல அண்ணி.”

“பின்ன வானத்துலேர்ந்து விழுந்துதா?”

நாத்தனார் அலமாரியிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்துவந்து எதிரில் வைத்தாள். லேபிள் ஒட்டி மூடியிருந்தது. “உங்களுக்குன்னு நான் கொடுத்து அனுப்பினது இதே மாதிரி டப்பா. பிசின் கம்பி. இதை வெட்டியெல்லாம் விக்கிறதில்ல, டப்பாவோடதான் கொடுப்போம்.”

அவள் லேபிளைப் படித்தாள். கோபம் வந்த வேகத்திலேயே வடிந்து, பச்சாதாபம் வந்தது, அதுவும் கணவர்மேல். “அப்படின்னா அவர்தான் வழியில எங்கேயோ தொலைச்சுட்டு, பயந்துபோய் வேற கடையில எதையோ வாங்கிட்டு வந்திருக்கார். பாவம், மனுஷனுக்கு இதெல்லாம் என்ன தெரியும்? வீணா உன்னைப் போய்ப் பேசிட்டேன்.”

நாத்தனார் டப்பாவையும் கண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஸ்டூலை இழுத்துப்போட்டு, “முதல்ல உக்காருங்க” என்றாள்.

“என்ன? சொல்லு.”

நாத்தனார் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எந்த ஈயம் வெச்சா ரேடியோ கெட்டுப்போகும்னு அண்ணன் கேட்டப்போ, அதை வாங்காம இருக்கத்தான் கேக்குறார்னு நினைச்சேன் அண்ணி.”