தெரிந்த டாக்டர்

டாக்டர் சேஷனுக்குக் கோபம் மண்டைக்கு ஏறியிருந்தது.

பின்னே என்ன? லக்ஷ்மிபாய் நகரில் முப்பது வருஷமாக கிளினிக் நடத்துகிறார். சாய்ராமுக்குச் சின்ன வயதில் அம்மை போட்டிருந்தபோது வைத்தியம் பார்த்ததே அவர்தான். அந்த சாய்ராம் பெற்ற மகளையே அடிக்கிறான் என்று, நேற்று முளைத்த அருள்மணி என்கிற டாக்டர் போலீஸுக்கு எழுதிப் போட்டுவிட்டானாம்! சாய்ராமின் மனைவி காந்திமதியும் ஏழு வயது அபூர்வாவைக் கூட்டிக்கொண்டு மயூர் விஹாரில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

"மாமா, நீங்க ஒரு லெட்டர் கொடுத்தா போதும். அபூர்வா எப்பவும் எங்கேயாவது விழுந்து அடிபட்டுக்கற குழந்தைன்னு எழுதுங்கோ. போலீஸ்காரா அவளை என்கிட்டயே திருப்பி அனுப்பிடுவா" என்று சாய்ராம் கண் கலங்கினான்.

சேஷன் பழைய ஃபைலைப் புரட்டினார். ஒரு வருஷத்தில் ஐந்து தடவை. சைக்கிளிலிருந்து விழுந்தது, பாத்ரூமில் வழுக்கியது, கதவு இடுக்கில் கை மாட்டியது. எல்லாம் அவரே எழுதியதுதான்.

"தரேன்டா. அதுக்கு முன்னாடி உன் ஆத்துக்காரியை நான் நாலு வார்த்தை கேக்கணும்."

கையோடு மெட்ரோ பிடித்து மயூர் விஹார் போனார். காந்திமதிதான் கதவைத் திறந்தாள்.

"வாங்கோ மாமா." குரலில் சுரத்தே இல்லை.

அவர் உட்காரக்கூட இல்லை. "ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா உனக்கு? யாரோ ஒருத்தன்கிட்ட போய்க் குடும்ப மானத்தை வாங்கிட்டியே! அவனுக்கு சாய்ராமைப் பத்தி என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது மாமா."

"அப்புறம்?"

உள்ளேயிருந்து அபூர்வா எட்டிப் பார்த்தாள். கிட்டே வரவில்லை.

"டாக்டர் தாத்தா, அப்பாவும் கீழே நிக்கறாரா?"

"இல்லைம்மா. நான் மட்டும்தான் வந்தேன்."

குழந்தை நம்பவில்லை. பால்கனிக்கு ஓடித் தெருவைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் மூச்சு விட்டது.

சேஷனுக்கு, காய்ச்சலைக்கூட முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிறவர் என்று காலனியில் பெயர். இந்தப் பயத்தை இப்போதுதான் பார்க்கிறார்.

"அபூர்வா விழுந்துட்டாள்னு நீதானேம்மா..." என்று இழுத்தார்.

"நான் எப்போ சொன்னேன்? ஒவ்வொரு தடவையும் அவர் சொன்னார். நீங்க எழுதிண்டேள். 'அப்பனோட வாலுத்தனம் பொண்ணுக்கும் வந்திருக்கு'ன்னு சிரிச்சேள். அவர் கை என் தோள்லயே இருந்தது. நான் எப்படி மாமா வாயைத் திறப்பேன்?"

சேஷனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இத்தனை வயதுக்கு மேல் இப்படிக் கூனிக் குறுகி நிற்க வேண்டியிருக்கிறதே என்றிருந்தது.

"அந்த அருள்மணி மட்டும் எப்படிம்மா கண்டுபிடிச்சார்?"

"அவர் பெரிசா ஒண்ணும் பண்ணலை. 'சார், நீங்க கொஞ்சம் வெளியே இருங்க, குழந்தையைத் தனியா பாக்கணும்'னார். அவ்வளவுதான்."

காந்திமதி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒரு தடவையாவது நீங்க அதைச் சொல்ல மாட்டேளான்னுதான் மாமா, வருஷம் பூரா அவளை உங்ககிட்டயே கூட்டிண்டு வந்தேன்."